அப்பாவோடு தொடங்கும் பெயர்

என் மருமகள் ஆங்கிலேயப் பெண். இங்கே சுவிஸில், பாசல் நகரத்து மருந்துக் கொம்பனியில் வேலை. ஞாயிறுகளில் மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட கையோடு கணினியைத் திறந்து தன் முன்னோரைத் தேடத் தொடங்கிவிடுவாள். அவளுடைய ஊர்த் தேவாலயத்தின் பழைய பதிவேடுகள் அதில் படங்களாக இருக்கின்றன. ராச பரம்பரை ஒன்றுமில்லை. கூலிக்கு வயல்வேலை செய்த சனங்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கலியாணப் பதிவில் சிலுவைக்குறி கீறியிருக்கிறார்கள். பிறந்து சில நாளில் செத்த குழந்தைக்குக்கூட ஒரு வரி உண்டு. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளைக்கு யாருடைய குடும்பப் பெயர் என்று அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எங்களுடையதைத்தான் வைக்கவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வாய் திறந்து கேட்கவில்லை.

ஒருநாள் எங்கள் குடும்பத்தையும் தேடுவோம் என்று எங்கள் குடும்பப் பெயரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"அது அப்பப்பாவின்ர பேரெல்லோ," என்று மகனிடம் சொன்னேன். "அவருக்கு முதல் எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் அந்தப் பேர் இல்லை எண்டு சொல்லு."

நான் அகதியாக வந்து பதிந்தபோது அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். பிறகு மனைவிக்கும் அதுவே. டொக்டரிடம் போனால் மாமனாரின் பெயரைச் சொல்லித்தான் இவளைக் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் கூசிக்கொண்டே எழும்புவாள்.

"அப்ப அவரின்ர அப்பாவின்ர பேரைப் போட்டுப் பாப்பமோ?" என்றான் மகன்.

"எதிலை பாக்கிறது?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அப்பாவுக்கே ஒரு வரி இல்லை. ஊரில் சண்டைக்கால இடப்பெயர்வில் நடந்துபோகையில் வழியில் இறந்தார். எந்த இடம் என்று கூடப் போனவர்களுக்கே நிச்சயமில்லை. பதிவதற்குக் கந்தோரும் இருக்கவில்லை. அந்த நேரம் நான் இங்கே டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அன்றைக்குத்தான் அவர்களிடம் சொன்னேன்.

அவள் கணினியை மூடிவிட்டு மகனிடம் மெதுவாக ஏதோ கதைத்தாள்.

"தன்ர குடும்பப் பேர் கன இடத்திலை எழுதிக் கிடக்காம்," என்றான் அவன். "பிள்ளைக்கு அப்பப்பாவின்ர பேரே இருக்கட்டுமாம்."

இனி எப்போதாவது இந்தப் பிள்ளையின் வழியைத் தேடுகிறவர்கள் அப்பாவிடம் வந்து நிற்பார்கள். அதற்கு அப்பால் போகமுடியாது. அவர் வரைக்குமாவது வருவார்களே, அது போதும் என்று மகனைக்கொண்டு அவளிடம் சொன்னேன்.

அவர்கள் போனபிறகு எனக்கு அப்பாவைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது.