படகுப் பாதையில் முளைத்த தீவு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆகஸ்ட் மாதக் காலை, மெட்ராஸ் ரயில் என்னை எறணாகுளத்தில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பது. மழை விட்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை இரண்டு கிலோமீட்டர், நடந்தே போனேன். மட்டாஞ்சேரிக்குச் சீட்டு அறுபது பைசா.

என் கையில் இருந்தது ஒரு தகரக் குழல். அதற்குள் கொச்சிக் காயலின், அந்த உப்பங்கழியின், அடித்தரைப் படம். ஆழ அளவுகளைக் கொச்சியில் உள்ள ஓர் ஆய்வு அலுவலகம் தபாலில் அனுப்ப, நான் மெட்ராஸில் புரோகிராம் எழுதி, கம்ப்யூட்டரை வரையவைத்தேன். மதியம் மூன்று மணிக்கு அந்த அலுவலகத்தின் இயக்குநர் அதைப் பார்ப்பார். பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. எழுபதுகள் முழுக்க நான் அண்டக் கதிர்களை எண்ணப் புரோகிராம் எழுதிய மலைமேல் ஆய்வுக்கூடத்தைச் சென்ற ஆண்டு மூடிவிட்டார்கள்.

படகு வெலிங்டன் தீவைச் சுற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். மட்டாஞ்சேரி ஹோட்டல் ஒன்றில் புரோட்டா போடுகிறாராம். குழலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அதுல என்னண்ணே, சாமி படமா?"

"தண்ணிக்கு அடியில இருக்கிற தரையோட படம்."

"அப்படியா! நாம இப்ப எங்க போறோம்? காட்டுங்க பாப்போம்."

பெருமையாகவே விரித்தேன். கரையைப் பார்த்து, தீவைப் பார்த்து, படகு இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். என் படத்தில் அங்கே ஆழம் பூஜ்யம். ஆழக்கோடுகளின் நெருக்கமான வட்டங்களோடு அழகான ஒரு தீவு. அதன்மேல் எங்கள் படகு, அறுபது பேரையும் ஏழெட்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

படத்தைச் சுருட்டினேன். அவர் நல்ல மனிதர், கரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அலுவலகம் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில். ஆழம் அளந்த குழுவுக்குத் தலைவி சரசா, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், மண்ணியல் படித்தவர். தீவைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"அன்னிக்கு அங்க முழுக்க வலை கட்டியிருந்தாங்க. எங்க போட்டு, அளக்கிற படகு, உள்ள போகலை. அளக்கலை, அதான் கட்டத்தை வெறுமே விட்டோம்."

எல்லாம் விளங்கிவிட்டது. எண்களைத் துளையிட்டுக் கொடுக்கும் அட்டையில் வெறுமையாக விட்ட இடத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்றுதான் படிக்கும். மலைமேல் அது சரி. கதிர் வராத நேரத்துக்கு நாங்கள் எதையும் எழுதமாட்டோம், எண்ணிக்கையும் பூஜ்யம்தான். பத்து வருஷப் பழக்கம். அதைக் காயலுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

"சாரமில்லை, பரவாயில்லை விடுங்க, முதல்ல சாயா குடிங்க" என்றார் சரசா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சுத்தி எல்லாம் ஆறு மீட்டர்தானே? தீவைச் சுரண்டிட்டு நடுவுலயும் ஆறுன்னு கோடு போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு வேலை வேண்டும், ஆசையாகத்தான் இருந்தது. பிளேடால் மையைச் சுரண்டினேன். தீவு போயிற்று. கோடு போடப் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. இல்லாத தீவை அழித்துவிட்டு, அளக்காத ஆழத்தை எப்படி எழுதுவது? அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டு, சுற்றிப் புள்ளிக்கோடு போட்டேன்.

மூன்று மணிக்கு இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, வெள்ளை இடத்தைக் காட்டினார்.

"இவிடெ எந்தா வெளுப்பு?"

"அங்க அளக்கலை, சார். கம்ப்யூட்டர் தீவுன்னு வரைஞ்சிருந்தது. என் தப்பு. சுரண்டிட்டேன்."

சரசா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இயக்குநர் வெள்ளை இடத்தை விரலால் தடவினார். சுரண்டிய சொரசொரப்பு தெரிந்திருக்கும். படத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"சரசா, மட்டாஞ்சேரியில ரூம் கிட்டான் பாடு. இவர்க்கு ஒண்ணு நோக்கணும். திங்களாழ்ச்ச போட்டுலயும் கூட்டிப் போகணும். அவிடெ அளக்கட்டே."

கிடைப்பதே கஷ்டமான ரூமை எனக்காகத் தேடச் சொல்கிறார், திங்கட்கிழமை நானும் அளக்கப் போகிறேன்: வேலை கிடைத்துவிட்டது.

மாலைப் படகில் திரும்பினேன். மலைமேலும் மெட்ராஸிலும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து லட்சக்கணக்கான எண்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட நானாக அளந்ததில்லை. படகு அந்த வெள்ளை இடத்துக்கு வந்தபோது எழுந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.