கொய்யாக் கிளைக்கு வந்த விருந்தாளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தாண்டிக்குடியில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறம், கொய்யாக் கிளையில் ஏதோ பழுப்பாகத் தொங்கியது. பலாப்பிஞ்சு அளவு இருக்கும். கொய்யா மரத்தில் பலாவா? கிட்டே போனேன்... அது அசைந்தது!

தேனீக்கள். பழைய கூட்டை விட்டுக் கிளம்பிப் புது வீடு தேடும் கூட்டம்.

வீட்டுக்காரர் அய்யாவு அண்ணன் அதற்குள் ஒரு கம்பில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க டீச்சர். கொளுத்திட்டா சோலி முடிஞ்சுச்சு. கன்னுக்குட்டியக் கொட்டிச்சுன்னா யாரு பாக்குறது?"

"வேண்டாங்கண்ணே! நான் பெட்டியில எறக்கிடுறேன்."

"ஒங்களுக்குத் தெரியுமாக்கும்?"

"படிச்சிருக்கேன்!"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்த வார்த்தையைச் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை விடுவேனா?

"சரி, மத்தியானச் சோறு வரைக்கும் பொறுக்கேன். அப்புறம் தீதான்."

பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கிய தேனீப் பெட்டி ஒன்று பள்ளியில் சும்மா கிடந்தது; ஓடிப்போய் எடுத்துவந்தேன். உள்ளே தூசி, சிலந்தி வலை. ஹாஸ்டலில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தேன்.

கிளைக்குக் கீழே பெட்டியைப் பிடித்து ஓர் உலுக்கு. பொத்தென்று மொத்தக் கூட்டமும் உள்ளே! மூடினேன். ஒரு கொட்டுகூட இல்லை. வீடு தேடும் தேனீ வயிறு நிறையத் தேனோடு வரும், கோபப்படாது என்று படித்தது எவ்வளவு உண்மை! அய்யாவு அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன்.

பத்தே நிமிஷம். வாசல் துளை வழியாக ஒன்று வந்தது... பத்து வந்தது... எல்லாமே வந்துவிட்டன. மறுபடி அதே கிளை.

இன்னொரு முறை உலுக்கினேன். இன்னொரு முறை வெளிநடப்பு! ராணியைத் தவற விட்டேனா? பெட்டி சிறிதா? புத்தகத்தில் பதில் இல்லை.

"சோறு ஆறுது டீச்சர்" – அய்யாவு அண்ணன் தீப்பெட்டியை ஆட்டிக் காட்டினார்.

இந்தக் கூத்தைப் பார்க்க, காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் வந்தாள். என் வயதுதான். பெட்டிக்குள் குனிந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் டீச்சர், ஆசுபத்திரிக்குள்ள எவளாச்சும் குடித்தனம் பண்ணுவாளா?"

ஓடிப்போய் ஒரு பழைய பானையைக் கொண்டுவந்தாள். முன்பு எப்போதோ தேனீ இருந்த பானை. உள்ளே மெழுகு கறுப்பாக அப்பியிருந்தது. நான் அதில் குப்பைகூடப் போட மாட்டேன்.

நான் கிளையை உலுக்கினேன். "ஏலே, வெரசாப் போங்க!" என்று தேனீக்களை அதட்டிக்கொண்டே அவள் பானையில் பிடித்தாள். கவிழ்த்து, கீழே ஒரு குச்சியால் இடைவெளி விட்டோம். பத்து நிமிஷம்... அரை மணி... ஒன்றும் கிளைக்குத் திரும்பவில்லை. இரண்டு மட்டும் வாசலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தன – சொந்த வீடு மாதிரி!

அய்யாவு அண்ணன் கம்பிலிருந்து துணியை அவிழ்த்தார். "கன்னுக்குட்டிக்குத் தள்ளி வைங்க" என்றதோடு சரி.

மறுநாள் திங்கட்கிழமை. ஒவ்வொரு திங்களும் என் வகுப்பறையைப் பினாயில் போட்டுக் கழுவ வைப்பேன். கழுவும் அன்றைக்கெல்லாம் பிள்ளைகள் உள்ளே வராமல் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள்...

இத்தனை நாளாக அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்!