கப்பல் பின்னால் சுற்றியது

போன மாதம் புல் வெட்டும் மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். தெரணியகலை பஜாரில் இப்போது இதுதான் என் பிழைப்பு. மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு உடனே கப்பல் ஞாபகம் வந்துவிடும். நாற்பது வருடமாக இந்த வியாதி. அன்றைக்கு ஞாபகத்தோடு ஒரு போனும் வந்தது.

பேசியவர் கித்துல்கலயில் ஆற்றங்கரையில் ஹோட்டல் வைத்திருக்கும் கொழும்புக் கனவான். வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் ஏறி அலறிக்கொண்டு போவார்களே, அந்த இடம். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டாம், பழைய படகு இஞ்சின்களைச் சேர்ப்பது. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். இவர் டன் கணக்கில் இரும்பு சேர்க்கிறார், வைக்க இடம் இருக்கிறது. சிங்களத்தில் பேசினார். எனக்கும் அது தமிழ் மாதிரிதான், பஜாரில் பாதி நேரம் எதில் பேசுகிறோம் என்றே தெரியாது.

"அங்கிள், நீங்க ஓட்டுன இஞ்சின் இப்ப என்கிட்டதான் இருக்கு. புதுசு மாதிரி ஆக்கிட்டேன். திறப்பு விழா வைக்கிறோம், அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கட்டாயம் வந்து பாக்கணும்."

மலைக்கு மேலே கப்பல் இஞ்சின் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தின் பழைய துரை ஒருவர், பேய்க் கஞ்சன், கொழும்புத் துறைமுகத்தில் உடைத்துப் போட்ட படகிலிருந்து அதை மலிவாக வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பினாராம். நான் பிறப்பதற்கு முந்திய கதை. தோட்டத்துத் தொழிற்சாலையான ரப்பர் ஸ்டோரில் இறக்கியபோது மீன் நாற்றம் அடித்ததாக ஸ்டோர் பெண்கள் சொல்வார்கள். அவர்களும் அப்போது பிறக்கவில்லை, ஆனாலும் மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். இஞ்சின் என்று யாரும் சொன்னதில்லை. கப்பல்தான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னங்க, கப்பல் கெளம்பிருச்சா?" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. இருபத்து மூன்று வயதில், காக்கிக் கால்சட்டையில், என்னைக் கப்டன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கிளப்புவது லேசில்லை. தலையில் ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். மண்ணெண்ணெயில் சீறி எரியும் புளோ லாம்ப்பைப் பற்றவைத்து அந்தக் குமிழை நன்றாகச் சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு ஆளுயரச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெயைக் கொடுத்து, சட்டென்று கையை எடுக்க வேண்டும். பிடித்தால் சரி. பிடிக்கும்போது சில நாள் பின்பக்கமாகவே சுற்றக் கிளம்பிவிடும். படகுக்கு அது வசதி, கரையை விட்டுப் பின்வாங்க வேண்டுமே. ஸ்டோரில் அது மானக்கேடு. ஆயுத பூசையன்று சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளப்பும்போது கப்பல் பின்னால் சுற்றினால், அந்த வருடமே பின்னால் போகும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. மரம் பால் கொடுக்காததற்கும் மாடு சினை பிடிக்காததற்கும் இஞ்சின் டிரைவரைத்தான் திட்டுவார்கள். அதனால் எனக்கு முன்பு இருந்தவரும் சரி, நானும் சரி, கதவைச் சாத்திக்கொண்டுதான் கிளப்புவோம். பின்னால் சுற்றினால், மெஷின்களுக்குப் போகும் பெல்ட்டை மாட்டுமுன் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவோம். வெளியே ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த வீண் ஜம்பத்துக்குத்தான் பின்னால் வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

ஸ்டோரில் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ரப்பர் பாளத்தைக் கொடுத்துத் தகடாக இழுப்பார்கள். ஒரு சாயங்காலம், வேலை முடிகிற நேரம். உருளைக்கு முன்னால் இரண்டே பெண்கள். அதில் ஒருத்தியின் கை ரப்பரோடு உள்ளே போய்விட்டது. அவள் பெயர் பாக்கியம். மற்றவள் கத்திக்கொண்டு ஆள் கூப்பிட வெளியே ஓடிவிட்டாள். உருளையை நிறுத்தப் பெல்ட்டைத் தள்ளிவிடும் கைப்பிடி உடைந்து மூன்று மாதம். ஆபீசில் சொன்னால், "பாக்கலாம் பாக்கலாம்" என்பார்கள். பார்த்தார்கள், செய்யவில்லை. பெல்ட்டும் தேய்ந்து போயிருந்ததால் பாரம் ஏறியதும் வழுக்கியது. கை மணிக்கட்டோடு நின்றது. துரைமாரின் கஞ்சத்தனத்துக்கு நான் நன்றி சொல்வது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது, கை உள்ளேயே நசுங்கிக் கிடக்கும். எண்ணெயை மூடினேன். சக்கரம் தளர்ந்து தளர்ந்து, இனி நின்றுவிடும் என்கிற கடைசி மூச்சில் ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்தேன். கப்பல் ஒரு முறை விக்கிவிட்டுப் பின்னால் சுற்றியது. உருளைகள் திரும்பின. கை வெளியே வந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின, மற்றதெல்லாம் இருந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் கிடந்தாள்.

விசாரணை வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். சப்பாத்தில் சேறு படாமல் நடப்பதே பெரிய வேலையாக இருந்தது அவருக்கு. இஞ்சின் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இஞ்சினைப் பின்னால் சுற்றித்தான் கையை எடுத்தேன் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"இஞ்சின் பின்னால சுத்தாது. இது என்ன லொறியா?"

"பத்து நிமிஷம் குடுங்க சார். சுத்திக் காட்டுறேன்."

"கப்பல் ஓட்டப் போறியா?" என்றார். துரை சிரித்தார். துரை சிரித்ததால் கிளாக்கரும் சிரித்தார்.

சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு மறைத்த ரகசியம் யாருக்குத் தெரியும்? எனக்கு முன்பு இருந்த டிரைவரும் அதற்குள் செத்துப்போயிருந்தார். மிச்சம் பாக்கியம்தான். தொழிற்சங்கத் தலைவர் கெஞ்சினார், அவள் அப்பாவும் கெஞ்சினார். மெஷின் திரும்பியதைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். அவள் கட்டுப் போட்ட கையோடு ஆபீசில் நின்று, "நான் கண்ண மூடிட்டேங்க. பாக்காதத எப்படிப் பாத்தேன்னு சொல்றது?" என்றாள். டிரைவர் இடத்தில் இல்லை, அந்தப் பெண் தானே கையை இழுத்துக்கொண்டாள் என்று எழுதி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். உடைந்த கைப்பிடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்கே எனக்கு 'ரிவர்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் பஜாரில் இரண்டு கிழவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மறுவருடம் பாக்கியத்தைக் கட்டிக்கொண்டேன். ஏன் என்னைக் கட்டினாய் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "நீங்க சொல்றத நான் நம்புறேன்ல?" என்பாள். நம்புகிறாள், சரி. ஆனால் நம்புவதும் பார்ப்பதும் ஒன்றா? நாற்பது வருடமாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் கண் முன்னால் அந்தச் சக்கரத்தைப் பின்னால் சுற்றிக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை. ஆகவே அந்தக் கனவானின் அழைப்பைத் தட்ட முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் புளோ லாம்ப் துளை குத்தும் ஊசி, பக்கத்தில் பாக்கியம். இரண்டு பஸ் மாறிப் போனோம். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிப் போயிருக்க மாட்டான்.

புல்தரையில் பதின்மூன்று இஞ்சின்கள், கல்லறை மாதிரி வரிசையாக. எங்கள் கப்பல் நடுவில். பச்சைப் பெயின்ட். பித்தளைக்கும் பச்சை, எண்ணெய் விடும் துளைக்கும் பச்சை. பெயின்ட்டுக்குப் பஞ்சமில்லாத மனிதர். பலகையில், ஏதோ குளிர்க்கடலில் மீன் பிடித்த படகின் இதயம் என்று எழுதியிருந்தது. ரப்பரைப் பற்றி, தோட்டத்தைப் பற்றி, மூச்சு இல்லை.

கனவான் ஒரு சுவிட்சைத் தட்டினார். குமிழுக்குள் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப் எரிந்தது. புதருக்குள் வைத்த ஸ்பீக்கரிலிருந்து டுக் டுக் என்று சத்தம் வந்தது. சக்கரம் பூப்போலச் சுற்றியது. பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டார் ஒன்று, ஒரு ரப்பர் வார். வேறு ஒன்றும் இல்லை.

"பிஸ்டன் எங்க?"

"பாரம் அங்கிள். தூக்க முடியல. உள்ள இருந்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டோம். வெளித்தோற்றம் முழுக்க ஒரிஜினல்."

ஒரு மனிதனின் குடலை உருவிவிட்டு, பவுடர் பூசி நாற்காலியில் உட்காரவைத்து, இதோ உன் அண்ணன் என்று காட்டுவதைப் போல இருந்தது. அதற்குள் ஒரு பணியாள் சாரமும் சிவப்புத் தலைப்பாகையும் கொண்டுவந்தான். விழா நாளில் இவற்றைக் கட்டிக்கொண்டு நான் சக்கரத்தின் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டுமாம். தலைப்பாகையை இஞ்சின் அறையில் யார் கட்டுவார்கள், சக்கரம் இழுத்துவிடாதா? சொன்னால் அதையும் பலகையில் தப்பாக எழுதிவைப்பார்.

திரும்பி நடந்தேன். பாக்கியம் வரவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் கனவானிடம் கேட்டாள், அவருக்குப் புரியட்டும் என்று சிங்களத்திலேயே.

"இதைப் பின்னால சுத்த வைங்க, பாப்போம்."

அவர் சிரித்தார். "பின்னாலயா? இதெல்லாம் பின்னால சுத்தாது ஆன்ட்டி. இது என்ன லொறியா?"

அவள் முந்தானைக்குள் மறைத்தே வைத்திருக்கும் கையை வெளியே எடுத்து, அந்தப் பச்சைப் பெயின்ட்டின்மேல் வைத்தாள். மூன்று விரல்.

"சுத்துச்சு. என் கையை உள்ள வச்சுக்கிட்டே சுத்துச்சு. இவர்தான் சுத்துனாரு. நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

கனவான் அவள் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தலைப்பாகை வைத்திருந்த பணியாள் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது கூரைகூட இல்லை, காடு. துரை, இஞ்சினியர், சங்கத் தலைவர் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிஸ்டனை யாரோ உருக்கி இந்நேரம் இரும்புக் கேட்டோ ஜன்னல் கம்பியோ ஆக்கியிருப்பார்கள். கப்பல் பின்னால் சுற்றியதை இனி யாருக்கும், பாக்கியத்துக்கும்கூட, என்னால் காட்ட முடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கை முந்தானைக்கு வெளியே, மடியில் இருந்தது. ஸ்டோரில் அன்றைக்கு அவள் கண்ணைத் திறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.