புற உலகச் சிந்தனை

பாபநாசத்துக்குப் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கிறவள் வேம்பு. கட்டினவன் திருப்பூரில் வேலை என்று போனவன்தான், திரும்பவில்லை. இருப்பது ஒரே மகள். ஆசை ஆசையாய்ச் செம்மொழி என்று பேர் வைத்தார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பேரைச் சொல்லியே சிரித்தது. வேம்பு கல்யாணம் காட்சிக்குப் போவதை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வாள். கண்டக்டர் கூவும் ஊர்ப்பெயர், மீன்காரரின் சத்தம், எல்லாம் அச்சு அசலாக வரும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்க அம்மா, அம்மா என்று கத்தினாலும் அந்தச் சொல் மட்டும் ஏனோ அவள் வாயில் ஏறவில்லை. வயது இருபதை நெருங்குகிறது. வேம்பு வயலுக்குப் போகும்போது அவளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். கை நாற்றை நடும், மனசு அந்தப் பூட்டிலேயே கிடக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் ஒன்று இருக்கிறது, வேன் வீட்டுக்கே வரும் என்று கூட நடவு நடும் காத்தாயி சொன்னாள். அதற்கு மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும். அட்டைக்கு டாக்டர் பார்த்துக் குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியாகப் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மூன்று வயதுக்குள் தோன்றும், பேச்சையும் பிறரோடு ஒட்டுவதையும் பாதிக்கும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நாற்பது சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கைக்கு வரும்.

முதல் தடவை அட்டைக்கான மருத்துவ முகாமுக்குப் போனபோது, ஏதோ பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல, மகளுக்குத் தலைசீவிக் கனகாம்பரம் வைத்துக் கூட்டிப்போனாள் வேம்பு. தானே குளிப்பாளா என்று கேட்டார்கள். குளிப்பாள் என்றாள். ஆட்களோடு பழகுவாளா என்றார்கள். தங்கமாகப் பழகுவாள் என்றாள். பெற்ற மகளை நாலு பேர் முன்னால் எந்தத் தாய் விட்டுக்கொடுப்பாள்? நாற்பதுக்குக் கீழே போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியபடியே இருந்தது.

இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வருமுன் மறுபடி போனாள். டாக்டரம்மா பொறுமையானவர்.

"பொண்ணப் பத்திப் பெருமையாச் சொல்லணும்னு இல்லம்மா. வீட்ல நடக்கிறத அப்படியே சொல்லுங்க. அதுக்குத்தான் சட்டமே இருக்கு."

செம்மொழி பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்பு சொன்னாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலறுவதைச் சொன்னாள், கையைக் கடித்துக்கொள்வதைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள். இத்தனை காலம் ஒருவரிடமும் சொல்லாதது, கேட்க ஆளில்லாதது, எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. கடைசியில் குரல் உடைந்தது.

"பெத்தவங்கிற நெனப்பே இல்லீங்க. ஒரு நாள்கூட அம்மான்னு கூப்பிட்டதில்லீங்க."

இந்த முறை நாற்பதைத் தாண்டியது. அட்டை வரும், வேனும் வரும் என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்தபோது வாசல் பலகையில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த பணியாளரைக் கேட்டாள். ஆட்டிசத்துக்கு அரசாங்கத் தமிழ் அது, வெளியே நடப்பதில் நினைப்பு இல்லாதவர்கள் என்று பொருள் என்றார். யார் கண்டுபிடித்த சொல்லோ! ஆனால் அன்றைக்கு வேம்புக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படியானால் உள்ளே தான் சொன்ன எதுவும் மகள் மனசுக்குப் போயிருக்காது.

திரும்பும் பஸ்ஸில் செம்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போல ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பசுபதிகோவில். அய்யம்பேட்டை. பஸ் அந்த ஊரைத் தாண்டியது.

"அம்மான்னு கூப்பிட்டதில்லீங்க" என்றாள் செம்மொழி.

அது வேம்புவின் குரல். உடைந்த இடத்தில் உடைந்தே வந்தது.

வேம்பு கூனிக்குறுகிப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்புறம்தான் அந்த முதல் சொல் உறைத்தது. வேம்பு மகளின் முகத்தருகே குனிந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு கண்ணு. முழுசும் வேணாம். மொதச் சொல்லு மட்டும்."

செம்மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"பாபநாசம்" என்றாள்.

இறங்க வேண்டிய ஊர்தான். வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்து எழுந்தாள்.