பதினாறு போல்ட்டும் போடாமல் மோட்டாரை ஓடவிடாத சேர்வராயன் அண்ணன்

சேர்வராயன் அண்ணன் போய்விட்டார்... நேற்று சாயங்காலம், மலைமேல் செம்மநத்தத்தில் வீட்டிலேயே. மாரடைப்பு.

காலையில் அவர் மகள்தான் போன் செய்தாள். அழுது முடித்துவிட்டு, "சித்தப்பா, அப்பா வேல பாக்குற மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க. அங்க அவரு எப்படி இருப்பாருன்னு நாங்க பாத்ததே இல்லீங்க" என்றாள்.

ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பழைய போன், புதுப் போன், வாட்ஸ்அப் குரூப் எல்லாம் தேடிவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

எப்படி இருக்கும்? குப்பனூர் பக்கம் மிளகிலிருந்து சாறு எடுக்கும் கம்பெனி அது. அதற்குப் பயன்படுத்துவது ஹெக்சேன், பெட்ரோல் மாதிரி... ஆவியில் சின்னப் பொறி பட்டாலே போதும். அதனால் கேட்டிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

நான் புரொடக்‌ஷன், எப்போதும் அவசரம். அண்ணன் எலக்ட்ரீஷியன், எதற்கும் அவசரப்படாத மனுஷன். சண்டைக்கு என்ன பஞ்சம்?

உள்ளே சுவிட்ச், மோட்டார் பெட்டி எல்லாமே ஃப்ளேம்புரூஃப், உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே பரவவிடாத வகை. கனமான இரும்பு மூடி, அதற்குப் பதினாறு போல்ட். ஒருநாள் ஒரு போல்ட் உருண்டு ஜல்லிக்குள் போய்விட்டது. ஸ்டோரிலும் அந்த சைஸ் இல்லை. "பதினஞ்சு இருக்குல்லண்ணா, ஸ்டார்ட் பண்ணுங்க, பேட்ச் நிக்குது" என்று கத்தினேன்.

"ஏனுங்க, பதினஞ்சு போட்டா அது சும்மா டப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஜல்லியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நானும் மண்டி போட்டுத் தேடினேன், அவரைத் திட்டிக்கொண்டே.

இன்னொரு முறை, மழைக்காலம். பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறதே என்று, அண்ணன் லீவில் இருந்த அன்று மூடியின் விளிம்பு முழுக்க நானே சிலிக்கான் பூசிவிட்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

மறுநாள் பார்த்ததும் லைனை ஆஃப் செய்துவிட்டார். "உள்ள வெடிச்சா அந்த நெருப்பு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல இந்தச் சந்துலதாங்க ஆறி வெளிய வரோணும். அதையே அடைச்சுப் போட்டீங்களே."

மரக்குச்சியும் துணியுமாக மதியம் வரை சுரண்டினார். மேனேஜர் வந்து கேட்டதற்கு "மூடிய சுத்தம் பண்றனுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் வாய் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

நான் ஓசூருக்கு மாறும் முன் அங்கே கடைசி நாள்... அந்த மோட்டார் பக்கத்தில் அவரை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்க ஆசை. செக்யூரிட்டியிடம் கெஞ்சிப் போனை வாங்கி வருகிறேன் என்றேன்.

"உள்ள வேண்டாமுங்க. கேட்டுக்கு வெளிய போய் எடுத்துக்கலாமுங்க" என்றார்.

வெளியே வந்தோம். நான் போனை ஆன் செய்வதற்குள் மலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். "அடுத்த தடவ எடுத்துக்கலாமுங்க, நொம்ப நேரமாயிருச்சு..." படியில் நின்று கையை ஆட்டினார்.

அதன்பிறகு ஐந்து வருடம். போனில் பேசினோம், அவ்வளவுதான். மலையேறிப் போய் ஒருமுறை பார்த்திருக்கலாம். போகவில்லை. இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது, தாங்க முடியவில்லை.

பழைய நண்பர்களே, ஆயுத பூஜையன்று கேட்டுக்கு வெளியே யாராவது எடுத்தது இருக்குமா? நீல யூனிஃபார்மில் அவர் ஒரு ஓரத்தில் நின்றிருந்தாலும் போதும். அனுப்புங்கள்... அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

செம்மநத்தத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணா. அன்றைக்கு அந்த ஒரு பஸ்ஸை விட்டிருக்கலாம் நீங்கள்.