பத்தொன்பது வினாடி மௌனம்

என் பணிக் குறிப்பேட்டில் இருக்கும் வரி இது: "அக்டோபர், செவ்வாய், பிற்பகல் 4.10. ஒனிஹங்கா அலுவலகம். கோப்பின் பெயரில் திங்கள் என்று இருக்கிறது. இரண்டும் சரி."

அமெரிக்காவில் திங்கள் மாலை நடக்கும் கூட்டத்தின் ஒலிப்பதிவு ஆக்லாந்தில் எங்கள் ஒனிஹங்கா அலுவலகத்துக்குச் செவ்வாய் பிற்பகலில் வந்து சேரும். அதைக் கேட்டு எழுத்தாக்குவது எங்கள் வேலை. இங்கே வசந்தமான அந்த அக்டோபரில் ஒரு செனட்டரின் மறுதேர்தல் கூட்டங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரக் கார்ப் பயணம் இருக்கும் மாநிலம் அது. ஹெட்போனை மாட்டியதும் முதலில் காற்று கேட்கும். பிறகு சரளைக் கல்லில் ஒரு லாரி, மடக்கு நாற்காலிகள், யாரோ இருமுவது. ஜன்னலுக்கு வெளியே மனுகாவ் துறைமுகத்தில் நீர் வற்றிச் சேறு மின்னிக்கொண்டிருக்கும். நானோ முடிந்துபோன ஒரு மாலைக்குள் உட்கார்ந்திருப்பேன். அந்த ஊர்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எந்தக் கூடத்தின் கதவு கிறீச்சிடும் என்பது மட்டும் தெரியும்.

நான்கு முறை வென்றவர் அந்தச் செனட்டர். வாக்காளர்களைப் பெயர் சொல்லி அழைப்பதே அவருடைய பலம். பெரியவருக்கு ஞாபகம் போய்விட்டது என்று எதிர்த்து நின்றவர் ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

அன்றைய கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: "பனிப்புயலில் என் மாடுகள் செத்தபோது என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தீர்களே. என் பெயர் என்ன, செனட்டர்?"

பதில் வரவில்லை. பத்தொன்பது வினாடி. பிறகு மெதுவாக ஒரு பெயர். "அதேதான்" என்று அந்தப் பெண் சிரித்தார். கைதட்டல்.

ஒன்றும் விடாமல் எழுதுவதற்கு எங்கள் தொழிலில் முழு வெர்பேட்டிம் என்று பெயர். அதில் ஐந்து வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தையும் குறிக்க வேண்டும். செனட்டரின் பிரசார அலுவலகம் கேட்டிருந்தது அதைத்தான். "மௌனம், 19 வினாடி" என்று குறித்து அனுப்பினேன்.

மறுநாள் அவர்களிடமிருந்து மின்னஞ்சல்: அந்த வரியை எடுங்கள், இல்லையென்றால் மீதிக் கோப்புகள் வேறிடம் போகும். வேலை நிரந்தரமாவதற்கு முன் என்னைச் சோதித்துப் பார்க்கும் தொண்ணூறு நாள் ட்ரயல் முடிய இரண்டு நாள் இருந்தது. வேலை போனால் விசாவும் போகும்.

மேற்பார்வையாளர் சுகந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். தன் ஹெட்போனோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, திரும்ப ஒருக்காப் போடும். நானும் கேக்கிறன்."

கேட்டோம். பதினோராம் வினாடியில் மிக மெல்லிதாக ஏதோ ஒன்று.

"யாரோ பேரை எடுத்துக் குடுத்த மாதிரி இருக்குக்கா."

"இருக்கலாம். ஹீட்டராவும் இருக்கலாம். உமக்கு வடிவாக் கேட்டதோ?"

"இல்லக்கா."

"அப்ப அதை எழுதாதையும். பத்தொன்பது வினாடி சரிதானே?"

"ஆமாக்கா. மூணு தடவை அளந்தேன்."

"அப்ப அதை எடுக்காதையும்."

"இவங்க போயிட்டா என் ட்ரயல்..."

"போகட்டும். முழுசா வேணுமெண்டு கேட்டவை, இப்ப அரைவாசி போதுமாம். சலூன்ல பாதித் தலையோட எழும்பி ஓடுற ஆக்கள் மாதிரி." சிரித்தார். "உம்மட ஃபார்ம்ல சைன் வைக்கிறது ஆர், செனட்டரோ?"

வெள்ளிக்கிழமை என் வேலையை உறுதிசெய்யும் படிவத்தில் சுகந்தி அக்கா கையெழுத்துப் போட்டார். மௌன வரியை எடுக்கவில்லை; அமெரிக்கக் கோப்புகள் அத்தோடு நின்றன. சில வாரங்கள் ஹெட்போனில் அந்தக் காற்று இல்லாமல் வேலையே ஓடவில்லை. நவம்பரில், ஏவன்டேலுக்கு வீடு திரும்பும் ரயிலில், செனட்டர் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று கைபேசியில் படித்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: கேட்டதை எழுதுங்கள், மௌனத்தை அளந்து எழுதுங்கள், ஊகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வினாடியில் ஒலித்தது மனிதக் குரல்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.