கமலநாதன் குளத்தில் விடும் மீன்கள்

"தூண்டில மடக்கு தம்பி. உயிர் பாவம் சும்மா விடாது" என்று சொல்லிவிட்டு, கமலநாதன் விசிலையும் ஊதுவார். கிள்ளானில் அவர் குடியிருக்கும் தாமான் குடியிருப்பின் குளத்துக்கு அவர்தான் பாதுகாப்புக் குழுத் தலைவர். தேர்தல் நடந்த அன்று கூட்டத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். பச்சைத் தொப்பியைச் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டார்.

துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். நெஞ்சடைத்து விழுந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். வைத்தியம் பார்த்தது டாக்டர், பேர் வாங்கியதோ பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர். "சனிக்கிழமை தோறும் ஒரு உயிரைத் தண்ணியில விடு, உன் உயிர் நிக்கும்" என்றாராம். அன்று பிடித்தது. பாசாரில் எத்தனையோ மீன் இருக்க, இவர் கெலியைத்தான் வாங்குவார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மீசைக்காரக் கெளுத்தி, அரைப் பை தண்ணீரில் அரை நாள் கிடந்தாலும் துள்ளும். "பாதி வழியில செத்துப்போற மீன விட்டா என் ஆயுசு என்னா லா ஆவுறது?" என்று கேட்பார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் விஷ்ணுப்ரியா, பல்கலைக்கழகத்தில் நன்னீர் மீன்களை ஆராய்கிறவள். இந்தக் கெலி கண்டதையும் தின்னும், குளத்துச் செப்பாட் மீன் குஞ்சுகளையே காணோம், தயவுசெய்து விடாதீர்கள் அங்கிள் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். அதற்கு அவர், உயிரை விடுவது தன் வேலை, அது என்ன சாப்பிடுகிறது என்று விசாரிப்பது தன் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளே 'மீன் பிடித்தால் போலீஸ்' என்று ஒரு பலகை முளைத்தது. அவர் மனைவி லோகேஸ்வரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தக் குளத்துல இப்ப நல்லா இருக்கறது கெலியும் இவரும்தான்."

இந்த மனிதர் ஒரு கானாங்கோழியிடம் மயங்கியதுதான் வேடிக்கை. கரைப் புல்லில் அது குஞ்சு பொரித்தது. கரிக்கட்டைகளாய்க் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடுவதைப் பார்க்க, மாலை டீயைக்கூட மறந்துவிட்டு வருவார். ஆனால் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. உடும்பைச் சந்தேகப்பட்டார், தூண்டில்காரர்களைச் சந்தேகப்பட்டார், எதிர்வீட்டுப் பூனையை விரட்டி அடித்தார். சோறு இறங்கவில்லை. "எந்தப் பாவி செய்யறான்னு தெரியல" என்று லோகேஸ்வரியிடம் புலம்பினார். கடைசியில் ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியது.

போன சனிக்கிழமை கையில் கெலிப் பையோடு வந்து, வாயை அவிழ்த்துக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தாயும் குஞ்சும் ஆம்பல் இலைகளுக்கு நடுவே குறுக்கே நீந்தின. குஞ்சின் கீழே தண்ணீர் புடைத்தது. மீசையோடு ஓர் அகன்ற வாய் மேலே வந்து மூடியது. அப்புறம் குஞ்சு இல்லை. தாய் மட்டும் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

கமலநாதனுக்கு நெஞ்சு படபடத்தது. கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டார். சனிக்கிழமை விடாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றக் கையில் புது மீன் பை கிழியும்படி துள்ளியது.

நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். பையின் வாயை முறுக்கி, இறுக்கிக் கட்டினார்.